முழுத்திரை ஆட்டத்தின் மேல் "இன்னும் 5 நிமிடம்" காட்ட முடியவே முடியாதா?

கேள்வி: 24 பிப்ரவரி 2024

அண்ணே, நீங்கள் முன்பு மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் சைபர் கஃபே வைத்திருந்ததாகச் சொன்னார்கள், அதனால் உங்களிடமே கேட்கிறேன். எங்கள் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள அறையில் 8 கணினி போட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். பள்ளி விடுமுறை, கூட்டம் தாங்கவில்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம். நேரம் முடியப் போகிறது என்று திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி வர வேண்டும். சி ஷார்ப் நிரல்மொழியில் எழுதி, மற்ற ஜன்னல்களுக்கு மேலேயே நிற்கச் சொல்லும் 'டாப்மோஸ்ட்' போட்டுவிட்டேன். டெஸ்க்டாப்பில் வருகிறது, பிரவுசர் மேலும் வருகிறது. ஆட்டத்தை முழுத்திரையில் திறந்தால் காணோம். ஆட்டத்தை மூடினால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் இது நடக்கவே நடக்காது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

24 பிப்ரவரி 2024, இரவு

நடக்கும். அடித்துச் சொன்னவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது.

'முழுத்திரை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் கிடக்கின்றன. முதல் வகை: ஓரமும் தலைப்புப் பட்டையும் இல்லாத ஒரு சாதாரண ஜன்னல், திரை அளவுக்கு விரிந்து நிற்கிறது. பிரவுசரில் எஃப்11 அழுத்தினால் வருவது இதுதான். இதன் மேல் உன் பெட்டி தாராளமாக வரும். இரண்டாவது வகை: ஆட்டம் விண்டோஸிடம் "இந்தத் திரை இனி என்னுடையது" என்று தனியுரிமை வாங்கிக்கொள்கிறது. விண்டோஸில் ஆட்டங்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்3டியின் 9-ஆம் பதிப்புக் காலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

விஸ்டாவில் இருந்து விண்டோஸில் 'டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்' என்று ஒன்று உண்டு. எல்லா ஜன்னல்களின் படத்தையும் வாங்கி, எது மேலே எது கீழே என்று அடுக்கி, ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்புவது அதன் வேலை. தனியுரிமை வகையில் ஆட்டத்தின் படம் அந்த மேனேஜர் கையில் படாமல் நேராகத் திரைக்குப் போய்விடுகிறது. ஆகவே உன் பெட்டி ஆட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாக நினைக்காதே. அது உயிரோடுதான் இருக்கிறது, வரைந்தும் முடித்துவிட்டது. அதைத் திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள்தான் அந்த நேரம் வேலையில் இல்லை.

முதலில் இதைச் செய். ஆட்டத்தின் வீடியோ அமைப்புக்குள் போய் 'பார்டர்லெஸ்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடு. எட்டுக் கணினியிலும் மாற்று. உன் நிரலைத் தொடவே தேவையில்லாமல் பாதி ஆட்டங்களில் பெட்டி வந்துவிடும்.

25 பிப்ரவரி 2024, காலை

இன்னொன்று விட்டுப்போயிற்று. பெட்டி வரும்போது ஃபோகஸை, அதாவது விசைப்பலகை எந்த ஜன்னலுக்குப் போகிறது என்ற பிடியை, ஆட்டத்திடம் இருந்து பிடுங்கக் கூடாது. ஜன்னல் பாணியில் 'நோ ஆக்டிவேட்' சேர், காட்டும்போதும் 'ஆக்டிவேட் செய்யாமல் காட்டு' என்ற வகையில் காட்டு. சுட்டியின் சொடுக்கு பெட்டியைத் துளைத்துக்கொண்டு ஆட்டத்துக்கே போக வேண்டும், அதற்கு 'டிரான்ஸ்பரன்ட்' கொடி (ஜன்னல் பாணியில் வைக்கும் ஒரு குறி). 'டூல் விண்டோ' சேர்த்தால் ஆல்ட்-டேப் வரிசையில் வந்து நிற்காது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

25 பிப்ரவரி 2024, இரவு

2006-இல் டவுனில் ஒரு கடை எடுத்து 14 கணினி போட்டேன். அப்போது ஊருக்குப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, மறு ஆண்டுதான் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய ஆட்கள் இன்னமும் பத்தாங் என்றுதான் சொல்கிறோம். மணிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். அப்பா அம்மா காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போனால் மத்தியானம்தான் வீடு திரும்புவார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறையில் போக்கிடம் என்று இருந்தது திடலும் என் கடையும்தான். பள்ளிச் சீருடையோடு வந்தால் மட்டும் உள்ளே விடமாட்டேன்.

நேரக் கணக்குக்கு ஒரு மென்பொருள் விலைக்கு வாங்கினேன். நேரம் முடிந்தால் கணினியைப் பூட்டிவிடும். 5 நிமிடத்துக்கு முன்னால் எச்சரிக்கை காட்டும் என்று விளக்கத்தில் போட்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள், ஆட்டங்கள் டோட்டா, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. எச்சரிக்கை டெஸ்க்டாப்பில் அழகாக வரும். ஆட்டத்தில் வராது. சில நேரம் ஒரு கணம் மின்னி மறையும், அதைக் கண்ணால் பிடிக்க முடியாது.

அதைச் சரிசெய்கிறேன் என்று நானே விஷுவல் பேசிக்கில் ஒரு நிரல் எழுதினேன். நான் செய்தது பெரிய தவறு. எச்சரிக்கைப் பெட்டியை வலுக்கட்டாயமாக முன்னுக்கு இழுத்தேன். தனியுரிமை வகை ஆட்டத்தில் இருந்து ஃபோகஸ் போனால் என்ன ஆகும் தெரியுமா? ஆட்டம் தானாகச் சுருங்கிவிடும். டைரக்ட்3டி 9-இல் திரைச் சாதனத்தை 'இழந்த' நிலைக்குப் போய்விடும், திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். பழைய கணினியில் அதற்குப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்தது. அதற்குள் பிள்ளை ஆட்டத்தில் செத்துப்போயிருப்பான். எச்சரிக்கை கொடுக்கப்போய் ஆட்டத்தையே கெடுத்தேன். இரண்டே நாளில் எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகு பழையபடி எச்சரிக்கையே இல்லாமல் பூட்டு விழத் தொடங்கியது. 2008-இல் ஒரு பையன், பதிமூன்று வயது இருக்கும், ஆட்டத்தின் நடுவில் திரை பூட்டிக்கொண்டதும் மானிட்டரை ஓங்கிக் குத்திவிட்டான். திரையில் கோடு விழுந்தது. "நேரத்தைப் பார்த்து ஆடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். இரண்டு வாரம் கடைப்பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

27 பிப்ரவரி 2024

திருத்தம். 25-ஆம் தேதி காலைக் குறிப்பில் சொடுக்கு துளைத்துப் போக 'டிரான்ஸ்பரன்ட்' கொடி போதும் என்று எழுதிவிட்டேன். போதாது. கூடவே 'லேயர்ட்' கொடியும் வேண்டும். அடியில் இருப்பது வேறொரு நிரலின் ஜன்னல் என்றால் இரண்டும் சேர்ந்தால்தான் சொடுக்கு கீழே இறங்கும். லேயர்ட் வைத்த பிறகு அதன் ஒளிபுகா அளவையும் (எவ்வளவு திடமாகத் தெரிய வேண்டும் என்ற எண்) ஒருமுறை சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஜன்னல் தெரியவே தெரியாது. தம்பி, நீ நேற்று "பெட்டி இப்போது டெஸ்க்டாப்பிலும் வரவில்லை" என்று எழுதியிருந்தாயே, அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

1 மார்ச் 2024

"ஆட்டத்துக்குள்ளேயே டிஎல்எல்லைச் (இன்னொரு நிரலுக்குள் ஏற்றக்கூடிய நிரல் கோப்பு) செலுத்தி வரைந்துவிட்டால் எந்த முழுத்திரையிலும் வருமே, ஆட்டம் விற்கும் ஸ்டீம் அப்படித்தானே செய்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரும். ஸ்டீமின் மேல்திரையும், ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் ரிவாடியூனரும், திரையைப் பதிவுசெய்யும் ஓபிஎஸ்ஸின் கேம் கேப்சரும் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. ஆட்டம் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடித்து 'பிரசன்ட்' என்ற செயலைக் கூப்பிடும். டைரக்ட்3டிக்குப் பதில் ஓப்பன்ஜிஎல் என்ற வரையும் முறையில் எழுதிய ஆட்டம் என்றால் 'ஸ்வாப் பஃபர்ஸ்'. அந்த அழைப்பை வழியில் மறித்து, நம் படத்தையும் அதன் மேல் வரைந்து, பிறகு போகவிடுவது. ஆட்டமே தன் கையால் நம் எழுத்தைத் திரைக்குக் கொண்டுபோகிறது. திரை யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது.

ஆனால் பிள்ளைகள் ஆடும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு நிரலின் நினைவகத்துக்குள் நுழைந்து அதன் செயல்களை மறிப்பது ஏமாற்று மென்பொருள்கள் செய்யும் அதே வேலை. ஏமாற்றைத் தேடும் காவல் நிரலுக்கு நம் நல்ல மனசு தெரியாது. 2011-இல் எனக்குத் தெரிந்த ஒருவர் வேறு ஊரில் தன் கடையில் இப்படிச் செய்தார். மூன்று பையன்களின் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. அதில் ஒருவன் இரண்டு வருடம் ஆடிச் சேர்த்தது எல்லாம் போயிற்று. யாரிடம் போய் முறையிடுவான்? தவறு செய்தவர் கடைக்காரர், தண்டனை பையனுக்கு.

பெரிய நிறுவனங்கள் செய்யலாம். அவர்களின் கோப்புகளை அந்தக் காவல் நிரல்கள் அடையாளம் கண்டு விட்டுவிடுகின்றன. கோயில் மண்டபத்துப் பின்னறையில் எழுதிய டிஎல்எல்லுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

3 மார்ச் 2024

தம்பியின் புதிய புகார்: பெட்டி வருகிறது, ஆனால் படபடவென்று துடிக்கிறது.

நீ டாப்மோஸ்டை அரை விநாடிக்கு ஒருமுறை மறுபடி மறுபடி அமைக்கிறாய் என்று நினைக்கிறேன். அதே கணினியில் இன்னொரு நிரலும் அதையே செய்கிறது. டாப்மோஸ்ட் என்பது 'எல்லாவற்றுக்கும் மேலே' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். விண்டோஸுக்கு அது ஒரு மேல்தட்டு மட்டும்தான். அந்தத் தட்டில் ஏறியவர்களுக்குள் கடைசியாக முன்னுக்கு வந்தவர் மேலே நிற்பார். இரண்டு பேருமே "நான்தான் கடைசி" என்று நின்றால் முடிவு கிடையாது. ஒரு நிரலை எழுதும்போது 'இதையே இன்னொருத்தரும் செய்தால் என்ன ஆகும்' என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

டைமரை எடுத்துவிடு. பெட்டியைக் காட்டும் கணத்தில் ஒரே ஒருமுறை மேலே ஏற்று.

5 மார்ச் 2024

என் முதல் குறிப்பை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் அமைப்பில் 'ஃபுல்ஸ்கிரீன்' என்று இருந்தால் அது தனியுரிமை வகை என்பதுபோல் எழுதிவிட்டேன். எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துப் பழக்கம் என் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-இல் 'ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஆட்டம் தனியுரிமை கேட்கும், விண்டோஸும் "கொடுத்தேன்" என்று சொல்லும். உண்மையில் ஆட்டம் ஓரமில்லாத ஜன்னலாக ஓடிக்கொண்டிருக்கும், வேகமும் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும். ஒலியளவுப் பட்டையும் கேம் பாரும் ஆட்டத்தின் மேல் வருவது இதனால்தான்.

ஆக, உன் 8 கணினியிலும் விண்டோஸ் 10 இருந்தும் சில ஆட்டங்களில் பெட்டி வரவில்லை என்றால், யாரோ இணையத்தில் படித்துவிட்டு அதை அணைத்துவைத்திருக்கலாம். வேகம் கூடும் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. ஆட்டத்தின் இஎக்ஸ்இ கோப்பை வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி போய், 'டிஸேபிள் ஃபுல்ஸ்கிரீன் ஆப்டிமைசேஷன்ஸ்' பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா பார். இருந்தால் எடு.

நேற்று இரவு வீட்டில் இரண்டு ஆட்டங்களில் சோதித்தேன். புதியதில் முழுத்திரையிலேயே பெட்டி வந்தது. பழைய ஓப்பன்ஜிஎல் ஆட்டத்தில் வரவில்லை.

6 மார்ச் 2024

தம்பியின் பதில்: ஐந்து கணினியில் அந்த அடையாளம் இருந்ததாம். எடுத்ததும் ஐந்திலும் வந்துவிட்டது. மிச்சம் மூன்றில் பிள்ளைகள் பழைய ஆட்டம்தான் ஆடுகிறார்கள்.

9 மார்ச் 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு.

கடையை 2013-இல் மூடிவிட்டேன். வீட்டுக்கு வீடு இணையம் வந்துவிட்டது, கைப்பேசியும் வந்துவிட்டது. இப்போது பக்கத்து ஆலை, கிளினிக், கடைகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் லோரியை ஏற்றி எடை போடும் இடத்தில் கிராணி (எழுத்தர்) ஒருவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார். அவர் கணினியில் எடை நிரல் முழுத்திரையில் ஓடும், வேறெதுவும் தெரியக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். மேலாளருக்கு ஒரு குறை. வாசலில் லோரி நிறைய நின்றால் கிராணிக்குத் தெரிய வேண்டும். குலை வெட்டி நேரம் ஆக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும், அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆவியில் அவித்துவிடப் பார்ப்பார்கள். லோரி வெயிலில் நின்றால் நஷ்டம்.

எடை நிரலை எழுதியவர்களிடம் கேட்டதற்கு "முழுத்திரை மேல் எதுவும் போட முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். அது முதல் வகை, வெறும் ஓரமில்லாத ஜன்னல். நாற்பது வரியில் ஒரு நிரல், மஞ்சள் நிறத்தில் 'காத்திருக்கும் லோரி: 6'. அன்று சாயங்காலமே ஓடியது, இன்றுவரை ஓடுகிறது. முடியாது என்று யாராவது சொன்னால், எந்த முழுத்திரை என்று கேட்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

9 மார்ச் 2024, இரவு

அந்தப் பையனைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் விட எனக்கும் மனசு வரவில்லை.

அவனை அனுப்பிய மூன்றாம் நாள் அந்த மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வேறு ஏதோ கணக்குக்காகத்தான் திறந்தேன். அதில் இருந்தது: 4.10-க்கு எச்சரிக்கை காட்டப்பட்டது, 4.15-க்குப் பூட்டப்பட்டது. கணினியின் கணக்கில் அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. அவன் கண்ணுக்கு எதுவும் வரவில்லை. அவன் முதலில் இருந்தே "காட்டலைண்ணே, சத்தியமா காட்டலை" என்றுதான் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலமே மோட்டாரை எடுத்துக்கொண்டு அவன் இருந்த தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போனேன். அவன் அம்மா, மானிட்டருக்குக் காசு கேட்க வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். "ஐயா, மாசக் கடைசியில குடுத்துர்றோம்" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை. தப்பு என் பேரில்தான், பையனை வரச்சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் வந்தான். நான்கைந்து நாள் என் முகத்தைப் பார்க்காமல்தான் ஆடினான்.

10 மார்ச் 2024

அதன் பிறகு திரையை விட்டுவிட்டு வேறு வழி பார்த்தேன். குரல். எல்லாப் பிள்ளைகளும் ஹெட்ஃபோன் மாட்டியிருப்பார்கள். திரையைத் தனியாக எடுத்துக்கொண்ட ஆட்டம் ஒலியையும் எடுத்துக்கொள்வதில்லை, மற்ற நிரல்களின் ஒலியும் கலந்துதான் காதுக்கு வரும். என் மனைவியிடம் சொல்லிப் பதிவுசெய்தேன்: "தம்பி, இன்னும் அஞ்சு நிமிசம்." ஆட்டத்துச் சத்தத்துக்கு நடுவில் கேட்க வேண்டும் என்பதால் முதலில் ஒரு மணியோசை, அரை விநாடி இடைவெளி, அப்புறம் குரல். மணி இல்லாமல் வைத்தபோது முதல் சொல்லைத் தவறவிட்டார்கள்.

ஒரே வாரத்தில் அது ஊருக்குள் பரவிவிட்டது. திடலில் பந்து விளையாடும்போது ஆட்டம் முடியப் போனால் ஒருவன் மூக்கால் "தம்பி, இன்னும் அஞ்சு நிமிசம்" என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி மார்க்கெட்டுக்குப் போனால் பின்னால் இருந்து குரல் வரும். அவளுக்கு அதில் பெருமைதான்.

அதன் பிறகு கடையை மூடும்வரை யாரும் மானிட்டரைத் தொடவில்லை.

தம்பி, அந்த மூன்று கணினிக்கும் இதைச் செய்துபார்.

16 மார்ச் 2024

தமிழ் எழுத்து சிதைகிறது என்று படம் அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். எழுத்துக்குள் ஓட்டை விழுந்து பின்னால் இருக்கும் ஆட்டம் தெரிகிறது. பெட்டியின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி ஒளிபுகா அளவு வைத்திருக்கிறாய், எழுத்தை விண்டோஸின் பழைய வரையும் முறையான ஜிடிஐயில் வரைகிறாய். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு அடுத்து வரும் ஒளிபுகா அளவு என்ற நான்காவது எண்ணைப் பற்றி ஜிடிஐக்குக் கவலை இல்லை, எழுதிய இடத்தில் அதைச் சுழியமாக்கிவிடும். எழுத்து இருந்த இடமெல்லாம் கண்ணாடி ஆகிவிடுகிறது.

எளிய வழி: ஒளிபுகாத கறுப்புப் பெட்டி, வெள்ளை எழுத்து, முழு ஜன்னலுக்கும் ஒரே ஒளிபுகா அளவு. அழகு குறையும், படிக்க நன்றாக இருக்கும். எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ போதும், விண்டோஸ் 8-இல் இருந்து கூடவே வருகிறது. எக்ஸ்பியில் லதாதான். அதிலும் சிக்கல் எழுத்துகளுக்கான கோப்புகளைத் தனியாக நிறுவாவிட்டால் 'கொ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். கடையில் ஒவ்வொரு கணினியாகக் குந்தி அதைச் செய்தது ஞாபகம் வருகிறது.

ஆட்டத்துக்குள் புகுந்து வரையும் வழியில் தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பலர் எழுத்துகளைத் தனித்தனிப் படமாக வைத்துக்கொண்டு வரிசையாக ஒட்டுவார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. நம் எழுத்தில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் தெரிய வேண்டும், அந்த ஒட்டுவேலையில் அது நடக்காது.

23 மார்ச் 2024

பிள்ளைகளிடம் இருந்து புகார் வந்திருக்கிறது: பெட்டி வரும்போது ஆட்டம் 'லேக்' ஆகிறது. தம்பி இதைக் கற்பனை என்கிறான். கற்பனை இல்லை. பிள்ளைகள் சொல்வதை நம்பு.

ஓரமில்லாத முழுத்திரை ஆட்டம் தனியாக இருக்கும்போது விண்டோஸ் ஒரு குறுக்குவழி எடுக்கும். அடுக்கும் வேலையைத் தாண்டி ஆட்டத்தின் படத்தை நேராகத் திரைக்கு அனுப்பும். உன் பெட்டி மேலே வந்த கணம் மறுபடி அடுக்க வேண்டியதாகிறது. அதனால் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் தாமதம், 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லிவிநாடி. மாறும் அந்தக் கணத்தில் ஒரு சின்ன இடறலும் வரலாம். சில கிராஃபிக்ஸ் அட்டைகள் இரண்டு மூன்று படங்களை வன்பொருளிலேயே அடுக்கிவிடும், அங்கே இது தெரியாது. உன் அறையில் இருப்பது பழைய அட்டைகள்.

எனவே பெட்டியை ஒரு மணி நேரமும் மூலையில் நிறுத்திவைக்காதே. 5 நிமிடம் இருக்கும்போது 4 விநாடி, 1 நிமிடம் இருக்கும்போது 4 விநாடி. மற்ற நேரத்தில் மறைத்துவிடு. கண்ணுக்குத் தெரியாதபடி ஒளிபுகா அளவைச் சுழியமாக்கினால் போதாது, ஜன்னல் அங்கேயே இருப்பதாகத்தான் கணக்கு. உண்மையாகவே மறை.

24 மார்ச் 2024

ஒருவன் 800க்கு 600-இல் ஆடுகிறானாம், அவன் திரையில் பெட்டி வரவில்லை. தொடங்கும்போதே வலது மூலையின் இடத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். திரை சிறுத்ததும் பெட்டி வெளியே நிற்கிறது. காட்டும் ஒவ்வொரு முறையும் திரை அளவைப் புதிதாகக் கேள்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து எல்லோருக்கும். பாயசம் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

திரை விசைப்பலகையும் உருப்பெருக்கியும் மற்ற டாப்மோஸ்ட் ஜன்னல்களுக்கும் மேலே நிற்கின்றனவே, அது எப்படி என்று கேட்டிருந்தார்கள். விண்டோஸ் 8-இல் இருந்து ஜன்னல்களுக்குள் தட்டுக்கு மேல் தட்டு உண்டு. உடல் குறை உள்ளவர்களுக்கு உதவும் கருவிகளுக்கென்று ஒரு தட்டு, சாதாரண டாப்மோஸ்ட் தட்டுக்கு மேலே. அதில் ஏற, நிரலின் மேனிஃபெஸ்ட்டில் (நிரல் தன் தேவைகளை விண்டோஸிடம் சொல்லும் குறிப்பு) 'யூஐ ஆக்சஸ்' கேட்க வேண்டும், நிரல் டிஜிட்டல் கையொப்பம் பெற்றிருக்க வேண்டும், புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுவியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கிடைக்காது.

இரண்டு டாப்மோஸ்டுகள் சண்டை போடும் இடத்தில் இது உதவும். தனியுரிமை முழுத்திரையில் இதனால் ஒன்றும் ஆகாது, அங்கே அடுக்குகிற ஆளே இல்லை. நம் வேலைக்கு இது தேவையில்லை என்பதே என் எண்ணம். பார்வை குறைந்த ஒருவருக்காக வைத்த தட்டில் நம் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

15 ஏப்ரல் 2024

கைப்பேசியில் செய்ய முடியுமா என்று கேட்ட அக்காவுக்கு: ஆண்ட்ராய்டில் 'மற்ற செயலிகளின் மேல் காட்டு' என்ற அனுமதியை நீங்களே அமைப்பில் போய்க் கொடுத்தால் முடியும். முழுத்திரை ஆட்டத்தின் மேலும் வரும். இதே வழியில் வங்கிச் செயலியின் மேல் போலித் திரை போட்டு ஏமாற்றுகிறார்கள். அதனால்தான் ஆண்ட்ராய்டு 12-இல் இருந்து ஒரு செயலி தன் மேல் பிறர் பெட்டி வராமல் மறைக்கக் கேட்கலாம். தெரியாத செயலி இந்த அனுமதியைக் கேட்டால் பிள்ளையின் கைப்பேசியிலும் கொடுக்காதீர்கள்.

20 ஏப்ரல் 2024

தம்பியின் நிரல் இப்போது இருக்கும் நிலை. நேரம் வந்ததும் முதலில் விண்டோஸிடமே கேட்கிறது: பயனர் இப்போது என்ன நிலையில் இருக்கிறார்? அதற்கென்று விஸ்டாவில் இருந்து ஒரு செயல் உண்டு. 'தனியுரிமை டைரக்ட்3டி முழுத்திரை ஓடுகிறது' என்று பதில் வந்தால் பெட்டியைக் காட்டும் முயற்சியே இல்லை, நேரே குரல். மற்ற பதில் எதுவானாலும் பெட்டியும் குரலும் சேர்ந்து. ஓப்பன்ஜிஎல் ஆட்டத்துக்கு அந்தச் செயல் 'வேலையாக இருக்கிறார்' என்று மட்டும்தான் சொல்கிறது, அதனால் குரலை எப்போதும் வைத்துவிட்டோம். 5 நிமிடத்துக்கும் 1 நிமிடத்துக்கும் தனித்தனிக் குரல். பூட்டு விழுவதற்கு முன் 20 விநாடி கூடுதல் அவகாசம், அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

குரலை அவன் பதிவுசெய்து போட்டிருந்தான். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பு மாதிரி இருந்தது. பழைய பதிவு இருக்கிறதா என்று கேட்டான். கடையின் பழைய ஹார்ட் டிஸ்கில் தேடி எடுத்து அனுப்பினேன்.

27 ஏப்ரல் 2024

பதிவில் ஒரு குறை. என் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பையன்கள். மண்டபத்து அறையில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். "தம்பி, இன்னும் அஞ்சு நிமிசம்" என்றதும் அவர்கள் திரும்பிப் பக்கத்துப் பையனைப் பார்க்கிறார்களாம், தங்களுக்கு இல்லை என்று. ஒரு பிள்ளைக்கு அப்படியே பூட்டு விழுந்திருக்கிறது. எச்சரிக்கை காதில் விழுந்தும் போய்ச் சேரவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். 'தங்கச்சி' என்று ஒன்று தனியாகப் பேசட்டுமா என்று கேட்டாள், நிரலுக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாதே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்ணு, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு" என்று பேசினாள். பதினாறு வருடத்தில் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. மணியோசை பழையதே.

கோப்பு இரண்டையும் அனுப்பிவிட்டேன் தம்பி. எட்டுக் கணினியிலும் மாற்றிவிட்டுச் சொல்.